அம்பாசிடரில் பிரேக் உதறல்: டிரம்மைக் கடைவதற்கு முன் பார்க்க வேண்டியவை

நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் உள்ள பழைய அம்பாசிடர் ஒன்று பிரேக்கை மிதித்ததும் உதறத் தொடங்கினால், பட்டறையில் முதலில் கிடைக்கும் பதில் "டிரம் ஓவலாயிருக்கு, கடைஞ்சிடலாம்" என்பதுதான். டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புக் கிண்ணம்; பிரேக்கை மிதித்ததும் உள்ளே இருக்கும் இரண்டு வளைந்த ஷூக்கள், தம் மேல் உள்ள லைனிங் என்ற உராய்வுப் பட்டையோடு அதன் உட்சுவரில் அழுந்தி வண்டியை நிறுத்தும். அந்த உட்சுவரை லேத்தில் சீவி மீண்டும் வட்டமாக்குவதே கடைசல். பல வண்டிகளில் அந்தப் பதில் சரியாகவே இருக்கிறது. அது சரியாக இல்லாத வண்டிகளின் டிரம்களும் கடைசலுக்குப் போய்விடுகின்றன என்பதே என் கவலை. உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் தயாரிப்பு 2014இல் நின்றுவிட்டது. போதிய கனமுள்ள மூல டிரம்கள் இனிக் குறையுமே தவிரக் கூடப்போவதில்லை, ஒருமுறை கடைந்தெடுத்த இரும்பைத் திரும்ப ஒட்டவும் வழியில்லை.

என் வண்டியிலேயே இது நடந்தது. உதறலுக்காக நான்கு டிரம்களையும் ஒன்றரை ஆண்டுக்குள் இருமுறை கடைந்தோம். ஒவ்வொரு முறையும் சில நாட்கள் நன்றாக இருப்பதுபோலத் தோன்றி, மீண்டும் அதே உதறல் வந்தது. மூன்றாம் முறை வேறொரு மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது, பின் ஆக்சிலை ஸ்பிரிங் பட்டைகளோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட் நட்டுகள் ஒரு பக்கம் முழுவதும் தளர்ந்திருந்தன. அவற்றை இறுக்கிய அன்றே உதறல் போயிற்று. எந்தக் குற்றமும் செய்யாத டிரம்கள் அதற்குள் இருமுறை மெலிந்திருந்தன. ஆகவே கீழே எழுதியிருப்பது முழுவதும், டிரம்மில் லேத் ஊசி படுவதற்கு முன் எதையெதை, எந்த வரிசையில் பார்த்து நீக்க வேண்டும் என்பதைப் பற்றியதே. பிரீமியர் பத்மினி போன்று நான்கு பக்கமும் டிரம் உள்ள பிற பழைய கார்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். முன்பக்கம் டிஸ்க் வந்த பிற்கால அம்பாசிடர்களுக்குப் பின் சக்கரம் பற்றிய பகுதிகள் மட்டும் பயன்படும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

கருவியை எடுப்பதற்கு முன், உதறல் எப்போது தொடங்கியது என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். புது லைனிங் போட்ட மறுநாளா, டயர் மாற்றிய பிறகா, மலை இறங்கி வந்த பிறகா, இரண்டு மாதம் ஓடாமல் நின்ற பிறகா, அல்லது சிறிது சிறிதாகப் பல மாதங்களில் வளர்ந்ததா? முன் நான்கில் ஏதேனும் ஒன்றுக்கு "ஆம்" என்றால், காரணத்தில் பாதி கிடைத்துவிட்டது என்றே சொல்வேன். சிறிது சிறிதாக வளர்ந்தது என்றால் தேய்மானத்தை, அதிலும் பேரிங், கிங்பின் (முன் சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சு), புஷ் (மூட்டுகளில் இருக்கும் உறை) ஆகியவற்றை, டிரம்முக்கு முன்பாகவே சந்தேகிக்க வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும் முறை

ஆள் நடமாட்டமும் பின்னால் வண்டியும் இல்லாத, நேரான, சமமான சாலை வேண்டும். புறப்படுவதற்கு முன் நான்கு டயர்களின் காற்றையும் வீல் நட்டுகளின் இறுக்கத்தையும், மாஸ்டர் சிலிண்டரில் பிரேக் ஆயிலின் மட்டத்தையும் பாருங்கள். பெடல் கீழே போய் நின்றாலோ, ஆயில் மட்டம் குறைந்துகொண்டே வந்தாலோ இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அது உதறலைவிடப் பெரிய கோளாறு, முதலில் சரிசெய்ய வேண்டியது அதுதான்.

பிரேக்கைத் தொடாமல் மணிக்கு 60 கி.மீ. வரை ஓட்டுங்கள். அப்போதே வண்டி நடுங்கினால் டயர், ரிம், வீல் பேலன்ஸ் ஆகியவற்றைச் சரிசெய்துவிட்டு வாருங்கள். நடுக்கம் இல்லையென்றால், 60இலிருந்து 20 வரை பெடலை மென்மையாக, ஒரே அழுத்தத்தில் மிதித்து வேகத்தைக் குறையுங்கள். அடுத்த முறை சற்று அழுத்தமாக மிதியுங்கள். உதறல் எங்கே தெரிகிறது, ஸ்டீயரிங்கிலா, பெடலிலா, இருக்கையிலா என்பதையும், எந்த வேகத்தில் அது உச்சத்துக்குப் போகிறது என்பதையும் பக்கத்தில் இருப்பவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உதறலின் தாளமும் ஒரு தடயம். இந்த வண்டியின் டயர் ஏறக்குறைய 65 செ.மீ. விட்டம் கொண்டது, ஆகவே ஒரு சுற்றுக்குச் சுமார் இரண்டு மீட்டர் உருளும். 40 கி.மீ. வேகத்தில் சக்கரம் வினாடிக்கு ஐந்தரைச் சுற்று சுற்றுகிறது. உதறல் அந்த வேகத்தில் வினாடிக்கு ஐந்தாறு முறையோ, அதன் இருமடங்கோ இருந்து, வண்டி மெதுவாக ஆக ஆகத் தாளமும் மெதுவானால், சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்றுதான் காரணம். வேகம் குறைந்தாலும் தாளம் மாறாமல் ஒரே படபடப்பாக இருந்தால், சுற்றாத ஒன்று தளர்ந்து தன் இயல்பான அதிர்வில் ஆடுகிறது என்று கொள்ளலாம்: பேக் பிளேட் (ஷூக்களைத் தாங்கும் தகடு), ஸ்பிரிங், ஆக்சில் கட்டு போன்றவை. கியர்ப்பெட்டியிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் சக்கரத்தைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகச் சுற்றுவதால், அதன் கோளாறு உதறலாக வராமல் தரையில் ஒரு ரீங்காரமாகவே கேட்கும்.

அடுத்து ஹேண்ட் பிரேக் சோதனை. 30 முதல் 40 கி.மீ. வேகத்தில், லிவர் பூட்டிக்கொள்ளாதபடி பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே, ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுங்கள். அது பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும் என்பதால், உதறல் அப்போதும் வந்தால் கோளாறு பின்னால் இருக்கிறது. வராமல் பெடலில் மட்டும் வந்தால் முன்னால் இருக்க வாய்ப்பு மிகுதி. ஹேண்ட் பிரேக் கியர்ப்பெட்டிக்குப் பின்னால் ஷாஃப்டிலேயே பிடிக்கும்படி அமைந்த பழைய ஜீப் வகைகளில் இந்தச் சோதனை பயன்படாது, ஓடும்போது அதை இழுக்கவும் கூடாது.

திரும்பி வந்தவுடன், நான்கு டிரம்களின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுபோய், தொடாமல், வெப்பத்தை ஒப்பிடுங்கள். ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் மட்டும் மிகவும் சூடாக இருந்தால், அந்தச் சக்கரத்தில் ஷூ விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது. ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டன் துருப்பிடித்து இறுகுவது, பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்துக்கொள்வது, ஹேண்ட் பிரேக் கேபிள் திரும்பாமல் நிற்பது ஆகியவை இதற்கு வழக்கமான காரணங்கள். அவை சரியாகும்வரை டிரம்மைப் பற்றிப் பேசிப் பயனில்லை, ஏனெனில் புது டிரம்மையும் அந்தச் சூடு கெடுத்துவிடும்.

ஸ்டீயரிங் ஆடுகிறது

ஸ்டீயரிங் இடமும் வலமுமாகத் துடித்தால் முன் சக்கரங்களைப் பார்க்க வேண்டும். பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வேலையும் செய்யாதீர்கள்.

சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், உதவிக்கு ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லி, அதே ஆட்டத்தை மீண்டும் பாருங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் தளர்ந்திருப்பது வீல் பேரிங், பிரேக் பிடித்த பிறகும் ஆட்டம் இருந்தால் கிங்பின் அல்லது அதன் புஷ். பிரேக் பிடிக்கும்போது ஹப்பும் (சக்கரம் பொருந்தும் மையப் பகுதி) ஸ்டப் ஆக்சிலும் (அதைத் தாங்கும் சுற்றாத அச்சு) ஒன்றாகிவிடுவதால் பேரிங்கின் ஆட்டம் மறைந்து போகிறது. கிங்பின் அதற்கும் உட்பக்கம் இருப்பதால் மறையாது. ஒரு ரூபாய் செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் டிரம்மைக் கழற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பேரிங்கில் ஆட்டம் இருந்தால், ஷூ அழுத்தும்போது டிரம் சாய்ந்து, மிகச் சரியான வட்டமுள்ள டிரம்கூட ஓவல் டிரம்போலவே நடந்துகொள்ளும்.

பிறகு டை ராட் எண்ட் (ஸ்டீயரிங் கம்பியின் முனை மூட்டு), ஸ்டீயரிங் ரேக்கைச் சட்டத்தில் பிடிக்கும் கிளாம்ப், கீழ்க் கையின் ரப்பர் புஷ்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஆட்டிப் பாருங்கள். இவை உதறலை உண்டாக்குவதைவிட, டிரம்மில் இருக்கும் சிறு குறையைப் பெரிதாக்கிக் கைக்குக் கொண்டு வருபவை. நல்ல புஷ் உள்ள வண்டியில் உணரவே முடியாத குறை, தேய்ந்த புஷ் உள்ள வண்டியில் ஸ்டீயரிங்கையே பிடுங்கும்.

இறுதியாக பேக் பிளேட். அதன் போல்ட்டுகளில் ஸ்பேனர் வைத்து இறுக்கம் பாருங்கள். உதவியாளர் பெடலை மிதித்துக்கொண்டிருக்க, நீங்கள் சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்ப முயன்றபடி, பேக் பிளேட்டின் விளிம்பில் விரல் வைத்துப் பார்த்தால், மயிரிழை அசைவும் விரலுக்குத் தெரியும்.

பெடல் காலடியில் துள்ளுகிறது

டிரம் வட்டமாக இல்லை என்பதற்கு மிக நேரடியான சான்று இதுதான். ஆனால் "வட்டமாக இல்லை" என்ற ஒரே சொல்லில் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் அடங்கியிருக்கின்றன, அவற்றைப் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

டிரம் முட்டை வடிவமாகிவிட்டால், எதிரெதிரே உள்ள இரண்டு ஷூக்களும் ஒரே நேரத்தில் உள்ளே தள்ளப்படுகின்றன, ஒரே நேரத்தில் வெளியே விடப்படுகின்றன. பிஸ்டன்கள் ஆயிலைத் திருப்பித் தள்ளுவதால், ஒரு சுற்றுக்கு இருமுறை பெடல் காலை உந்தும். மாறாக, டிரம் சரியான வட்டமாகவே இருந்து, ஹப்பின் மேல் மையம் விலகி உட்கார்ந்திருந்தால், ஒரு ஷூ உள்ளே போகும்போது மற்றது வெளியே போகிறது. ஒரு பிஸ்டன் தள்ளிய ஆயிலை மற்றது வாங்கிக்கொள்கிறது. பெடல் அதிகம் துள்ளுவதில்லை, ஆனால் ஒரு சுற்றுக்கு ஒருமுறை வண்டி இழுத்து விடுவதுபோல இருக்கும். முன்னதற்குத்தான் கடைசல் மருந்து. பின்னதற்கு மருந்து பல நேரம் வெறும் துப்புரவுதான்.

இந்த வகை வண்டிகளில் டிரம், ஹப்பின் முகத்தில் தனியாக உட்கார்ந்து, சிறு திருகுகளாலும் வீல் நட்டுகளாலும் இறுகுகிறது. அந்த முகத்தில் துரு, மண், பழைய பெயிண்ட், ஏன் ஒரு சிறு உலோகப் பிசிறு ஒட்டியிருந்தாலும் போதும். டிரம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு உட்காரும். ஹப் முகத்தையும் டிரம்மின் உட்புற முகத்தையும் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் பளிச்சென்று வெளிறும்வரை தேய்த்து, நடுத்துளையின் விளிம்பையும் சுத்தம் செய்து, மீண்டும் மாட்டிப் பாருங்கள். இன்னும் குறை தெரிந்தால், டிரம்மை ஒரு ஸ்டட் (வீல் நட் ஏறும் போல்ட்) தள்ளித் திருப்பி மாட்டுங்கள்; ஹப்பின் சிறு குறையும் டிரம்மின் சிறு குறையும் ஒன்றோடொன்று கழிந்துபோகும் நிலை சில நேரம் கிடைக்கும். திருகுத் துளைகள் ஒத்துவரும் நிலைகளில் மட்டுமே இதைச் செய்ய முடியும். கழற்றுவதற்கு முன் இருந்த நிலையை வண்ணப் பொட்டு வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

டயர் மாற்றிய பிறகு தொடங்கிய உதறலுக்கும் இதுவே இடம். ஒரு நட்டை முழு பலத்தில் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் டிரம் இழுபட்டு நெளியும். எல்லாவற்றையும் தளர்த்தி, எதிரெதிர் நட்டுகளாக, இரண்டு மூன்று தவணையில் சமமாக இறுக்கினாலே சில வண்டிகள் அமைதியாகிவிடுகின்றன.

இருக்கையும் தரையும் நடுங்குகின்றன, ஸ்டீயரிங் அமைதியாக இருக்கிறது

ஹேண்ட் பிரேக் சோதனையிலும் இதே நடுக்கம் வந்தால் பின்பக்கம் என்பது உறுதி. அப்போதும் டிரம்மைக் கழற்றுவதற்கு முன் வண்டிக்கு அடியில் போய் ஆக்சிலைப் பாருங்கள். என் வண்டி எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பிரேக் பிடிக்கும்போது ஷூக்கள் டிரம்மோடு சேர்ந்து சுற்றப் பார்க்கின்றன. ஷூக்களைத் தாங்கும் பேக் பிளேட் ஆக்சில் உறையில் பொருத்தப்பட்டிருப்பதால், உறையும் சக்கரத்தோடு சேர்ந்து முன்னோக்கி உருளப் பார்க்கிறது. அதைத் தடுத்து நிறுத்துவது ஸ்பிரிங் பட்டைகளும் யூ போல்ட்டுகளும் மட்டுமே. யூ போல்ட் தளர்ந்திருந்தால், உறை சிறிது உருள்கிறது, பட்டை அதைத் திருப்பி உதைக்கிறது. அந்த உதையில் ஷூவின் பிடி ஒரு கணம் தளர்கிறது, மீண்டும் பிடிக்கிறது. வினாடிக்குப் பலமுறை நடக்கும் இந்தப் பிடித்து விடுதல்தான் உதறலாக இருக்கைக்கு வந்து சேருகிறது.

யூ போல்ட் தளர்ந்திருப்பதைக் கண்டுபிடிக்க ஸ்பேனர்கூட முதலில் தேவையில்லை. பட்டையும் ஆக்சில் மேடையும் சேரும் இடத்தில் செந்நிறத் துருப்பொடியோ, புதிதாக உரசிப் பளபளக்கும் இரும்போ தெரிந்தால் அங்கே அசைவு இருக்கிறது. பட்டைகளின் நடு போல்ட் உடைந்திருக்கிறதா, ஸ்பிரிங் கண்ணின் புஷ் தேய்ந்து போல்ட் ஒரு பக்கமாக அமர்ந்திருக்கிறதா, ஸ்பிரிங்கின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிள் ஆடுகிறதா, ஷாக் அப்சார்பரின் பிடிப்பு சரியாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நட்டுகளை இறுக்கும்போது வண்டியின் எடை ஸ்பிரிங்கின் மேல் இருக்க வேண்டும். நான்கு நட்டுகளையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கி, 200 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி பாருங்கள். மரை நீண்டு இளைத்த யூ போல்ட்டை மீண்டும் இறுக்குவது வீண், மாற்றிவிடுவதே நல்லது.

இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே பின் டிரம்மைக் கழற்றுங்கள்.

நிற்கப்போகும் நேரத்தில் கொர்ரென்று பிடித்து உதறுகிறது

அதிவேகத்தில் ஒன்றுமில்லை, 15 கி.மீ.க்குக் கீழே வரும்போது மட்டும் திடீரென்று கவ்விக்கொண்டு உதறுகிறது என்றால், பெரும்பாலும் குறை லைனிங்கில் இருக்கிறது.

டிரம் பிரேக்கின் அமைப்பைப் புரிந்துகொண்டால் இது தெளிவாகும். சக்கரம் சுற்றும் திசையில் முன்னே நிற்கும் ஷூவை, டிரம்மே தன்னோடு இழுத்து மேலும் அழுத்திக்கொள்கிறது. கால் கொடுக்கும் அழுத்தத்தைப் பிரேக் தானே பெருக்கிக்கொள்வதால்தான் பூஸ்டர் (கால் அழுத்தத்தைக் கூட்டித் தரும் கருவி) இல்லாத வண்டியும் நிற்கிறது. அதே காரணத்தால், லைனிங்கின் உராய்வு சிறிது கூடினாலும் பிடிப்பு பன்மடங்கு கூடுகிறது. ஆகவே லைனிங்கின் ஒரு பகுதியில் மட்டும் எண்ணெயோ ஈரமோ பட்டுப் பிசுபிசுத்தால், அந்த ஷூ மற்றவற்றை முந்திக்கொண்டு கவ்வும்.

டிரம்மைக் கழற்றி, கசிவு எது என்று முதலில் அடையாளம் காணுங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை மெல்ல விலக்கினால் உள்ளே ஈரம் தெரிந்தால், அது பிரேக் ஆயில். நீர்போல மெல்லியது, பட்ட இடத்தில் பெயிண்ட்டை உரித்துவிடும். பின் சக்கரத்தில் கெட்டியாக, கருமையாக, கியர் ஆயில் வாடையோடு இருந்தால் ஆக்சில் ஆயில் சீல் போய்விட்டது. முன் சக்கரத்தில் கிரீஸ் என்றால், பேரிங்கில் தேவைக்கு மேல் அடைத்திருக்கிறார்கள் அல்லது சீல் கெட்டிருக்கிறது. கசிவை நிறுத்தாமல் லைனிங்கை மாற்றினால் இதே வேலையை மூன்று மாதத்தில் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, தீயில் காட்டி மீண்டும் போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். மேலே உலர்ந்தாலும் உள்ளே ஊறிய எண்ணெய், நீண்ட இறக்கத்தில் சூடேறும்போது வெளியே வரும். மிக மோசமான நேரத்தில் அது வரும். ஒரு பக்கம் கெட்டிருந்தாலும் அந்த ஆக்சிலின் இரண்டு பக்கமும் ஒரே வகை லைனிங்காக மாற்றுங்கள், இல்லையேல் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதாதீர்கள், வாயாலும் ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள். இதில் சோம்பல் வேண்டாம் என்று பட்டறையில் வேலை செய்யும் இளைஞர்களிடம் மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மழையில் நனைந்தோ பனியில் கிடந்தோ காலையில் முதல் நான்கைந்து பிரேக்குக்கு மட்டும் கவ்வினால், அது டிரம்மில் படிந்த மெல்லிய துரு. உரசி உரசித் தானே போய்விடும். இதற்கு வேலை எதுவும் வேண்டாம். மாதக்கணக்கில் நின்ற வண்டி வேறு. லைனிங் தொட்டுக்கொண்டிருந்த இடம் ஒரு நிறமாகவும், திறந்திருந்த இடம் துருவேறி வேறு நிறமாகவும் டிரம்மில் தடம் விழுந்திருக்கும். நடுத்தரமான உப்புத்தாளால் தேய்த்து எடுக்க முடிந்தால் போதும், துரு குழியாக இறங்கியிருந்தால்தான் கடைசல்.

சூடேறிய பிறகு மட்டும் உதறுகிறது

கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையோ, கொல்லிமலையின் 70 வளைவுகளையோ பிரேக்கை மட்டும் நம்பி இறங்கிய வண்டிகளில் இந்த உதறல் வரும். டிரம்மின் உட்புறத்தில் ஆங்காங்கே நீலம் பாய்ந்த திட்டுகள் தெரிந்தால், அங்கே வார்ப்பிரும்பு மிகச் சூடேறி, சட்டென்று ஆறி, கண்ணாடிபோலக் கெட்டியாகிவிட்டது. அந்தத் திட்டுகளின் உராய்வும் வேறு, தேய்மானமும் வேறு. சுற்றியுள்ள இரும்பு தேய, திட்டு மேடாக நிற்கும்.

சாதாரண லேத் ஊசி இங்கே தோற்றுப்போவதைக் கவனித்திருக்கிறேன். ஊசி திட்டின் மேல் ஏறி இறங்குகிறது. கடைந்த பிறகும் திட்டு மேடாகவே இருக்கிறது, மற்ற இடம் மட்டும் மெலிகிறது. கிரைண்டிங் கல் பொருத்தி அரைத்தால் மேலோட்டமான திட்டுகள் போகும். ஆழமாகப் பாய்ந்திருந்தால் டிரம்மை மாற்றுவதுதான் நேர்மையான வழி. திட்டுகளோடு மயிரிழை வெடிப்பும் சேர்ந்திருந்தால், அந்த டிரம்மை அன்றே ஒதுக்கிவிடுங்கள்.

நீலத் திட்டு எதுவும் இல்லாமல் சூட்டில் மட்டும் உதறினால், டிரம் பலமுறை கடையப்பட்டு மிக மெலிந்திருக்கக் கூடும். மெலிந்த டிரம் சூட்டில் ஷூவின் அழுத்தத்துக்கு வளைந்து கொடுக்கிறது, ஆறியதும் வட்டத்துக்குத் திரும்பிவிடுகிறது. பட்டறையில் அளந்தால் குறை தெரியாது. இறக்கம் முடிந்து நிறுத்தும்போது, கொதிக்கும் டிரம்மின் மேல் ஹேண்ட் பிரேக்கை முழு பலத்தில் போட்டு வைப்பதும் டிரம்மை ஓவலாக்கும் வழக்கங்களில் ஒன்று. சமதரையில் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, டிரம் ஆறிய பிறகு ஹேண்ட் பிரேக்கைப் போடலாம்.

புது லைனிங் போட்ட பிறகு தொடங்கியது

இங்கே டிரம்மைக் கடைசியில்தான் சந்தேகிக்க வேண்டும். ஷூக்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்பதை மறுபக்கச் சக்கரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பிரித்து, மற்றப் பக்கத்தை மாதிரிக்கு வைத்துக்கொள்ளும் பழைய வழக்கம் இதற்காகவே வந்தது. ரிட்டர்ன் ஸ்பிரிங்குகள் சரியான துளைகளில் மாட்டியிருக்கின்றனவா, இரண்டு பக்கமும் ஒரே இழுவிசை உள்ளவையா, பேக் பிளேட்டில் ஷூ உரசி நிற்கும் மேடைகளில் பள்ளம் விழுந்து ஷூ மாட்டிக்கொள்கிறதா என்பவை அடுத்து.

அதன் பிறகு லைனிங்கின் வளைவு. லைனிங்கின் குறுக்கே சாக்பீஸால் கோடுகள் போட்டு, டிரம்மை மாட்டி, ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியை மாற்றும் அட்ஜஸ்டரை லேசாக உரசும் அளவுக்கு வைத்து, சக்கரத்தைக் கையால் இரண்டு சுற்று சுற்றிக் கழற்றிப் பாருங்கள். நடுப்பகுதியில் கோடு அழிந்திருந்தால் கவலையில்லை. ஓடஓடத் தொடும் பரப்பு விரிந்துவிடும். இரண்டு ஓரங்களில் மட்டும் அழிந்து நடு தொடாமல் இருந்தால், லைனிங்கின் வளைவு டிரம்மின் வளைவைவிட அகலம். ஓரம் முதலில் கவ்வும், உதறும், கீச்சிடும். ஷூக்களை டிரம்மின் விட்டத்துக்கு ஏற்ப வளைவாக அரைத்துத் தரும் பட்டறைக்குக் கொடுத்து அரைத்து வாங்குங்கள். லைனிங்கின் முன் விளிம்பைச் சில மில்லிமீட்டர் சரிவாக அரத்தால் சீவி விடுவதும் உதவும். ரிவெட் தலை மேலே தெரிகிறதா, ஒட்டிய லைனிங்கில் ஓரம் பெயர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அளந்த பிறகே கடைசல்

மேலே சொன்ன எதுவும் காரணமில்லை என்று தெரிந்த பிறகு டிரம்மை அளக்கலாம். வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, அட்ஜஸ்டரை ஷூ இலேசாக உரசும்வரை திருப்பி, சக்கரத்தை மெல்லச் சுற்றுங்கள். உரசும் ஓசை சுற்று முழுவதும் ஒரே சீராகக் கேட்டால் டிரம் வட்டம். ஒரு சுற்றில் ஒரு பகுதி மட்டும் உரசினால் மையம் விலகல், எதிரெதிரே இரண்டு பகுதிகள் உரசினால் ஓவல். உரசும் இடங்களை டயரில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

துல்லியமாக வேண்டுமென்றால் நுண்ணிய வேறுபாட்டை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வேண்டும். டிரம்மின் உட்சுற்றை அதில் பார்க்கும்போது வேறுபாடு 0.1 மி.மீ.க்குள் இருந்தால் டிரம்மைத் தொடாதீர்கள், உதறலுக்கு வேறு காரணம் தேடுங்கள். 0.15 மி.மீ.ஐத் தாண்டினால் கடைவதில் நியாயம் உண்டு. பொதுவாகக் கார் டிரம்களில் மூல விட்டத்தைவிட 1.5 மி.மீ. கூடும்வரைதான் அனுமதி, டிரம்மில் எல்லை பொறிக்கப்பட்டிருந்தால் அதுவே இறுதி. அந்த எல்லைக்கு அருகே போன டிரம்மை இன்னொரு முறை கடைவதைவிட, பழைய உதிரிபாகக் கடைகளில் அளவுகோலோடு போய், கனமுள்ள டிரம்மைத் தேடி வாங்குவது நல்லது.

லேத்துக்குக் கொடுக்கும்போது மூன்று சொற்களைச் சொல்லிக் கொடுங்கள். டிரம்மை அதன் நடுத்துளையையும் ஹப்பில் அமரும் முகத்தையும் ஆதாரமாக வைத்துச் சக்கில் கட்ட வேண்டும். வெளி விளிம்பைப் பிடித்துக் கடைந்தால், வட்டம் சரியாகவும் மையம் தவறாகவும் வந்து சேரும். எடுப்பது குறைந்தபட்சமாக இருக்க வேண்டும், கடைசி ஓட்டம் மிக மெதுவான ஃபீடில் (ஊசி நகரும் வேகத்தில்) இருக்க வேண்டும். ஃபீடு வேகமாக இருந்தால் டிரம்மின் உள்ளே மரைபோலச் சுருள் கோடு விழும். ஷூ அந்தக் கோட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஏறி, பேக் பிளேட்டில் 'டக்' என்று திரும்பி விழும். முடிந்ததும் உப்புத்தாளால் கோடுகளுக்குக் குறுக்கே தேய்த்து, சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி மாட்டுங்கள். ஒரே ஆக்சிலின் இரண்டு டிரம்களும் ஏறக்குறைய ஒரே விட்டத்தில் இருக்கட்டும்.

மாட்டிய பிறகு நான்கு சக்கரங்களின் அட்ஜஸ்ட்மெண்டையும் வைத்து, பிரேக் குழாய்களில் உள்ள காற்றை எடுத்துவிட்டு, முதலில் பெடல் உறுதியாக இருக்கிறதா என்று நின்ற இடத்திலேயே மிதித்துப் பாருங்கள். பிறகு 40 கி.மீ. வேகத்திலிருந்து மென்மையாக இருபது முறை, இடையிடையே டிரம் ஆறும்படி ஒரு நிமிடமாவது ஓட்டி, நிறுத்தி நிறுத்திப் பழக்குங்கள். முதல் 300 கி.மீ.க்கு மலைப்பாதை வேண்டாம். அதன் முடிவில் அட்ஜஸ்டரை இன்னொரு முறை வைத்து, வீல் நட்டுகளையும் யூ போல்ட்டுகளையும் ஸ்பேனரால் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்தத் தேதியையும் டிரம்மின் அப்போதைய விட்டத்தையும் வண்டியின் நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை யாராவது "கடைஞ்சிடலாம்" என்று சொல்லும்போது, எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்று அந்த நோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.